ஈரப் போர்வையின் அடியில்

பழைய ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தண்ணீரில் போட்டால் அது உடனே மூழ்காது. மிதந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடிக்கும். உள்ளே அடைந்திருந்த காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக மேலே வரும். யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பல வருடமாக மடிந்து கிடந்த காற்று அது. அந்த நேரத்தில் நான் பேசமாட்டேன். டிவி ஓடிக்கொண்டிருந்தால் என் கணவரே அதை நிறுத்திவிடுவார்.

இது என் தொழில் இல்லை. காலை வேளையில் பலதுறை மருந்தகம் ஒன்றின் மருந்து முகப்பில் வேலை செய்கிறேன். வரிசை எண்ணைக் கூப்பிட்டு, இது சாப்பாட்டுக்கு முன், இது சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்துவிடும். பிற்பகல் தோ பாயோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஹாலில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, குழந்தைகள் விளையாடும் ரப்பர் குளம் ஒன்றை ஊதி விரிப்பேன். அரசாங்க அடுக்குமாடியான வீவக வீட்டில் குளியல் தொட்டி ஏது? பெரிய போர்வையை மடங்காமல் கிடத்த அதைவிட வசதியான பாத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை.

"வீட்டுக்குள்ள ஸ்விம்மிங் பூல் வச்சிருக்கிறது இந்த புளோக்லயே நாமதான் லா," என்பார் என் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்ட இடமில்லாமல், குளத்தைச் சுற்றி நடந்து சமையலறைக்குப் போவார். ஆனால் ஈரப் போர்வையைத் தூக்க அவர்தான் வேண்டும். நனைந்த போர்வையின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் அதன் எடையே அதைக் கிழித்துவிடும். அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டை முதலிலேயே விரித்துவைத்து, அந்தப் பெட்ஷீட்டின் நான்கு முனைகளையும் பிடித்து, நோயாளியைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும்.

இதெல்லாம் ஆரம்பித்தது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில். வீடு மாறிப் போன யாரோ ஒருவர் உடைந்த மின்விசிறி ஒன்றைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுப்போயிருந்தார். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு போர்வை. நூற்றுக்கணக்கான துண்டுத் துணிகள். எல்லாம் ஒரே அழுக்கு நிறம். விசிறியை அங்கேயே விட்டுவிட்டுப் போர்வையை மட்டும் மேலே கொண்டுவந்தேன். ஊறவைத்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பால் விடாத கோப்பி ஓ நிறத்துக்கு வந்தது. தண்ணீரை மாற்றினேன், மறுபடியும் கோப்பி. அப்புறம் தேநீர். அப்புறம் வெறும் மஞ்சள். கடைசியில் தண்ணீர் தெளிந்தபோது அடியில் ஒரு ரோஜா நிறம் தெரிந்தது. அதன் பக்கத்தில் பச்சை. அதற்கும் பக்கத்தில், கிளியின் கழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு நீலம். ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுக்குக்கு அடியில் அந்த நிறங்கள் இத்தனை காலம் யாருக்காகவும் காத்திராமல், சும்மா, அப்படியே இருந்திருக்கின்றன. அந்த வியப்பு இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் கொடுக்க ஆரம்பித்தார்கள். துவைத்து, கிழிந்ததைத் தைத்து, ஓரம் பிய்ந்திருந்தால் புதிய ஓரப்பட்டி கட்டித் திருப்பிக் கொடுப்பேன். சீனக் குடும்பங்களில் பிறந்த குழந்தைக்குப் பல வீடுகளிலிருந்து துணி வாங்கித் தைத்த போர்வைகள், மலாய்க்காரத் தோழி ஒருத்தியின் வீட்டுத் தொட்டில் விரிப்பு, இப்படி ஒவ்வொன்றாக. ஆனால் நான் சொல்ல வந்தது அவற்றைப் பற்றி இல்லை. பாதிப் போர்வை ஒன்றைப் பற்றி.

தேக்கா சந்தையின் மேல்மாடியில் தையற்கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு கடையில், கையில் ஒரு பழைய துண்டை வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான நூல் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரவிக்கை அளவு கொடுக்க வந்திருந்த ஓர் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். வெளிர்நீல முக்காடு, மூக்கின் மேல் கண்ணாடி.

"என்ன அது, ஒட்டுப்போர்வைத் துணியாம்மா?"

"ஆமா ஆன்ட்டி. துவைச்சு ரிப்பேர் பண்றேன்."

"துவைப்பியா? எங்கிட்ட ஒன்னு இருக்கு. மெஷின்ல போடப் பயமா இருக்கு. போடாம இருக்கவும் முடியல, நாறுது."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த வாரமே புக்கிட் மேராவில் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவருடைய குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையில். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அத்தா, அதாவது அவருடைய அப்பா, துறைமுகத்தில் நடந்த ஒரு விபத்தில் இறந்துவிட்டார். அப்போது தங்கை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாளாம். அம்மா தையல் வேலை செய்து இருவரையும் வளர்த்தார். போர்வையையும் அந்த நாட்களிலேயே மிஞ்சிய துண்டுகளில் தைத்தாராம்.

போர்வையை அவர் மடித்து எடுத்துவரவில்லை. சுருட்டி, ஒரு குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார். விரித்தோம். முக்கோண முக்கோணமாக வெட்டிய துணிகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து சதுரமாகி, வரிசை வரிசையாக ஓடின. எல்லாம் சாம்பலேறி மங்கியிருந்தன. ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. மூன்று பக்கமும் ஓரப்பட்டி ஒழுங்காக இருந்தது. நான்காவது பக்கம் மட்டும் வெட்டிய வெட்டு அப்படியே. உள்ளே மடக்கி ஊக்கு குத்தியிருந்தார்கள்.

"இது பாதிதாம்மா. மீதிப் பாதி கிளமெண்டில எந் தங்கச்சிகிட்ட இருக்கு."

"ஏன் ஆன்ட்டி வெட்டுனீங்க?"

"நான் வெட்டல. அம்மா வெட்டுனாங்க. எனக்கு நிக்காவுக்கு முந்தின நாள். முழுப் போர்வையும் எனக்குத்தான்னு எடுத்து வச்சிருந்தாங்க. தங்கச்சி அழுதா பாரு, அப்படியொரு அழுகை. அதுக்குள்ளதான் தூங்குவேன், குடுக்க மாட்டேன்னு. அம்மா ஒன்னும் பேசல. கத்திரிய எடுத்தாங்க, நடுவுல வெட்டுனாங்க. ஆளுக்கொன்னு."

சொல்லிவிட்டு ஊக்குகளைக் கழற்றத் தொடங்கினார்.

"சண்டையெல்லாம் இல்ல. நாங்க தெனமும் போன்ல பேசிக்குவோம். ஆனா போர்வையப் பத்திப் பேசறதில்ல. நான் பேசுனா அவ அழுதிடுவா. அவ பேசுனா எனக்குக் கோவம் வந்திடும். இந்த வயசுல எதுக்கு?"

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வழக்கம்போல முதலில் வலைத்துணியை மேலே போட்டு, வாக்குவம் கிளீனரால் தூசியை மெதுவாக உறிஞ்சி எடுத்தேன். பிறகு ஒவ்வொரு நிறத்தின் மீதும் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன், சாயம் ஓடுகிறதா என்று. சிவப்பு ஒன்றுதான் லேசாகக் கசிந்தது. அதனால் பச்சைத் தண்ணீரும் வாசனையில்லாத மென்மையான திரவ சோப்பும் போதும் என்று முடிவெடுத்தேன். குளத்தில் இறக்கினோம். குமிழிகள் வந்தன. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, பிழியவும் கூடாது.

வெட்டிய ஓரத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வெட்டுக்குச் சற்று உள்ளே, மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக ஒரு தையல் வரிசை ஓடியது. ஒவ்வொரு தையலும் பின்னால் போய் முன்னால் வந்து போட்ட கெட்டித் தையல். அரிசியைப் பாதியாக உடைத்த அளவுகூட இருக்காது ஒன்று. வெட்டிய பிறகு பிரிந்துவராமல் இருக்க அம்மா போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வேலைகளுக்கு நடுவில் இப்படித் தைக்கப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தண்ணீர் தெளிந்ததும், என் கணவரும் நானும் அதைத் தூக்கி, பெரிய துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தோம். மூங்கில் கழியில் வெளியே தொங்கவிட முடியாது, எடை தாங்காமல் நூல் அறுந்துவிடும். துணி காயப்போடும் ஸ்டாண்டுகள் இரண்டை ஹால் சன்னலுக்குப் பக்கத்தில் சேர்த்து நிறுத்தி, மேலே ஒரு கொசுவலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் போர்வையை மட்டமாக விரித்தோம். விசிறியைப் போட்டேன். கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது. மாலை வெயில் நேரே உள்ளே வந்துவிடும். அதனால் பலநாள் திரைச்சீலையை இழுத்துவிட்டே வைத்திருப்போம். அன்று துணி காயட்டும் என்று திறந்துவைத்திருந்தேன். தரையைத் துடைக்கலாமென்று துணியோடு ஸ்டாண்டுக்கு அடியில் நுழைந்தவள் தற்செயலாக மேலே பார்த்தேன்.

போர்வைக்குள்ளே இன்னொரு போர்வை இருந்தது.

ஈரத் துணியின் வழியாக வெயில் இறங்கி வந்ததில், மேலே தைத்திருந்த முக்கோணங்கள் கரைந்ததுபோல் ஆகி, அவற்றுக்கும் அடித்துணிக்கும் நடுவில் இருந்தது வெளிச்சமிட்டுத் தெரிந்தது. பஞ்சு இல்லை. மடித்து அடுக்கிய பழைய உடைகள். பெரிய பெரிய பூக்கள் போட்ட ஒரு பாத்திக் சாரோங். அதன்மேல் பாதி படிந்தாற்போல் கட்டம் போட்ட ஒரு கைலி. கட்டங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன, கோடுகளை விரலால் தொட்டு எண்ணலாம்போல. துடைக்கும் துணி கையிலேயே இருந்தது. அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். என் முகத்தில் தண்ணீர் சொட்டியது.

"என்னாச்சு? வழுக்கி விழுந்துட்டியா?" என் கணவர் பதறி ஓடிவந்தார்.

"இல்லைங்க. இங்க வந்து படுத்துப் பாருங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி அவரும் வந்து படுத்தார். கட்டங்களைக் கண்ணாலேயே எண்ணினார். பிறகு, "இது ஆம்பளை கைலி," என்றார் மெதுவாக.

நான் அந்த ஆன்ட்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். போர்வை காய்ந்துவிட்டால் இது தெரியாது, உடனே வர முடியுமா என்றேன். விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். அதற்குள் வெயில் இன்னும் தாழ்ந்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. அவரைத் தரையில் படுக்கச் சொல்ல மனமில்லை. ஒரு குட்டை முக்காலியைப் போட்டு, தலை இடிக்காமல் உள்ளே உட்காரவைத்தோம்.

அவர் மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது அத்தாவோட கைலி," என்றார். "மாஷா அல்லா. எனக்கு அவுங்க மொகமே நெனவில்ல. இந்தக் கட்டம் நெனவிருக்கு. ஹார்பர்லேர்ந்து வந்து இதத்தான் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நான் இந்தக் கோட்டு மேல வெரல வச்சு ஓட்டிக்கிட்டே இருப்பேன்."

கையை உயர்த்தி, ஈரத் துணியைத் தொடாமல், காற்றில் ஒரு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். அந்தக் கையை நான் மறக்கமாட்டேன். எத்தனை வருடம் அந்தக் கைலியைப் போர்த்திக்கொண்டு அவர் தூங்கியிருக்கிறார். பிள்ளைகளை அதில் கிடத்தியிருக்கிறார். அதன்மேல் இஸ்திரிகூடப் போட்டிருக்கிறார். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமலே.

முக்காலியில் உட்கார்ந்தபடியே தங்கைக்கு போன் போட்டார்.

"போர்வைய எடுத்துக்கிட்டு வா. ஆமா, போர்வையத்தான் சொல்றேன். அழுவாத. வா."

மறுநாள் காலை அக்கா முன்னாலேயே வந்து காத்திருந்தார், பிறகு தங்கை வந்தார். அன்று எனக்கு விடுமுறை. அக்காவைவிட உயரம், ஒல்லி. ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாசலிலேயே அக்காவைப் பார்த்து, "லாத்தா, என்ன இது திடீர்னு?" என்றார் கலவரத்தோடு. அவருடைய பாதி ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. விரித்ததும் என் கணவர் வாய்விட்டு "அடேயப்பா" என்றார். அது பயன்படுத்தப்படவே இல்லை. மடிப்பு விழுந்த கோடுகளில் மட்டும் காப்பிக் கறைபோலப் பழுப்பேறியிருந்தது. மற்றபடி சிவப்பு சிவப்பாகவே இருந்தது, மஞ்சள் மஞ்சளாக. மங்கிய பாதியை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். முக்கோணங்களின் வரிசை ஒரு தடங்கலும் இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. நிறம் மட்டும் அந்த வெட்டில் வந்து நின்றுவிட்டது. ஒரே போர்வையின் இரண்டு வயதுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அப்போதுதான் அந்த ஓரத்தைக் கவனித்தேன். தங்கையின் பாதியிலும், வெட்டுக்குச் சற்று உள்ளே, அதே நெருக்கமான தையல் வரிசை. கீழ்முனையில் நூல் முடிச்சுப் போடாமல் நீட்டிக்கொண்டு முடிந்தது. கத்திரி வெட்டிய நுனி. அக்காவின் பாதியைத் திருப்பிப் பார்த்தேன். அதே கீழ்முனை, அதே மாதிரி முடிச்சில்லாத நுனி. இரண்டையும் சேர்த்து வைத்தால் நுனியும் நுனியும் நேருக்கு நேர் நின்றன.

இரண்டு நுனிகளையும் விரலால் சேர்த்துப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, இதப் பாருங்க. இந்த ரெண்டு வரிசையும் ஒரே நூல். ஒரு பக்கமா கீழ வரைக்கும் வந்து, நடுவுல தாண்டி, அந்தப் பக்கமா மேல ஏறியிருக்கு. அப்புறம் நடுவுல வெட்டியிருக்காங்க. அதனாலதான் நூல் ரெண்டா அறுந்திருக்கு."

"அதனால என்னம்மா?"

"வெட்டுனதுக்கு அப்புறம் தைச்சிருந்தா ஒரே நூலா இருக்க முடியாது. வெட்டுறதுக்கு முன்னாடியே தைச்சிருக்காங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்வது அவர்களுக்குள் போய்ச் சேர நேரம் எடுத்தது. எனக்கே அப்படித்தான்.

"முந்தின நாள் தச்சிருப்பாங்களோ?" என்றார் தங்கை.

இந்தப் பாதியையும் துவைத்துப் பார்ப்போம் என்றேன்.

அந்தப் பாதியைத் துவைத்தது நானல்ல, அவர்கள் இருவரும்தான். ரப்பர் குளத்தின் இருபுறமும் முக்காலி போட்டு உட்கார்ந்து, சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துக்கொண்டார்கள். நான் எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அக்கா வேகவேகமாக அழுத்தினார். தங்கை ஒவ்வொரு சதுரமாக, எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல அழுத்தினார். என் கணவர் வேலைக்குக் கிளம்பும்முன் ரொட்டி பராட்டாவைத் தபாவ், அதாவது பொட்டலமாக, வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் மாற்றும்போது தங்கை திடீரென்று, "நான் அழுததாலதான அம்மா வெட்டுனாங்க," என்றார். "அதான் லாத்தா நான் இதத் தொடவே இல்ல. எடுத்துப் போத்திக்கிட்டா உன்னோடதப் பறிச்சுக்கிட்டுத் தூங்குற மாதிரி இருக்கும்."

அக்கா அழுத்துவதை நிறுத்தவில்லை. "நீ அழுததுக்காகன்னுதான் நானும் நெனச்சேன்," என்று மட்டும் சொன்னார்.

மாலை வெயில் வரும்வரை சாப்பிட்டுவிட்டு, தொழுதுவிட்டுக் காத்திருந்தார்கள். முதல் பாதியை விரித்திருந்த அதே ஸ்டாண்டுகளில் தங்கையின் பாதி விரிந்திருந்தது. வெயில் வந்தது. நான் முதலில் அடியில் போனேன்.

சாரோங் இருந்தது. கைலியும் இருந்தது. அதே கட்டம். ஒரு கைலியை நடுவில் கிழித்து, ஆளுக்கொரு பாதி வைத்திருந்தார் அம்மா. அது மட்டுமில்லை. அந்த உள்துணிகள் வெட்டின ஓரம்வரை வரவே இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு முன்பே நின்று, விளிம்பு உள்ளே மடிக்கப்பட்டு, சுத்தமாக முடிந்திருந்தன. கத்திரி போன இடத்தில் மேல்துணியும் அடித்துணியும் மட்டும்தான். இன்னும் லேசான ஈரத்தோடிருந்த அக்காவின் பாதியை ஓடிப்போய் எடுத்துச் சன்னலில் பிடித்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே. உள்துணி தனியாக, விளிம்பு மடித்து.

கல்யாணத்துக்கு முந்தின நாள் யாரும் இதைச் செய்திருக்க முடியாது. மேல்துணியைப் போடும் முன்பே, உள்ளே அடுக்கும்போதே, அம்மா இரண்டு போர்வைகளாக அடுக்கியிருக்கிறார். மேலே ஒன்றுபோலத் தைத்து மூடியிருக்கிறார். நடுவில் பாதை விட்டு, இருபுறமும் தைத்து, பிரிந்துவராமல் பூட்டிவைத்திருக்கிறார். புருஷன் போன பிறகு, ஒரு பெண் சின்னவளாகவும் இன்னொருத்தி தவழ்பவளாகவும் இருந்தபோது உட்கார்ந்து தைத்த போர்வை அது. இவர்கள் ஒருநாள் பிரிந்து வேறு வேறு வீட்டுக்குப் போவார்கள் என்பதை அன்றைக்கே உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். அதுவரை இரண்டு பேரும் ஒன்றாகப் படுக்கட்டும் என்று.

இதை நான் சொன்ன விதம் சரியாக இருந்திருக்காது. முக்காலியில் அக்கா, தரையில் தங்கை, இருவரும் போர்வைக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்த்தபடி கேட்டார்கள்.

"அப்போ நான் அழலன்னாலும் வெட்டியிருப்பாங்களா?" என்றார் தங்கை.

"வெட்டியிருப்பாங்க," என்றேன்.

"ஏன் சொல்லல?"

அக்கா தங்கையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கேட்டியா? நான் கேட்டேனா?" என்றார். பிறகு ஏனோ சிரிக்க ஆரம்பித்தார். தங்கையும் சிரித்தார், அழுதுகொண்டே. மேலிருந்து அவர்களுடைய தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்குப் போய், வேலை இருப்பதுபோல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மருந்து முகப்பில் தினமும் எத்தனையோ முகங்களைப் பார்க்கிறேன். இத்தனை வருடம் சொல்லாத ஒரு பழியின் கீழே இருந்துவிட்டு, அது விலகியதும் இவ்வளவு இளமையாகிற முகங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெட்டிய ஓரத்தை மட்டும் ஏன் அம்மா தைக்காமல் விட்டார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. கல்யாண அவசரமாக இருக்கலாம். அவ்வளவு திட்டமிட்டவருக்குக்கூடக் கடைசியில் மனசு வராமல் போயிருக்கலாம். நான் ஊகிக்க விரும்பவில்லை.

இரண்டும் காய்ந்த பிறகு அடுத்த கேள்வி வந்தது. சேர்த்துத் தைப்பதா? நான் சேர்ப்பதற்கான நூலைக்கூட எடுத்துவைத்திருந்தேன். அக்கா மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம்மா. அம்மா ரெண்டாத்தான் தச்சாங்க. ரெண்டாவே இருக்கட்டும். ஓரத்த மட்டும் கட்டிக் குடு."

ஓரப்பட்டிக்கு என்ன நிறம் என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அரபு ஸ்த்ரீட்டில் மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்குக் கருநீலம். கடைக்காரர் துணிக்கட்டுகளை விரித்துப் போட்டு அலுத்துப்போனார். "ஆளுக்கொரு கலர் எடுத்துக்குங்களேன்," என்றேன். இருவரும் ஒரே குரலில் "அதெப்படி?" என்றார்கள். கடைசியில் பச்சை ஜெயித்தது. துணியை முதலில் தனியே துவைத்து, சாயம் நிற்கிறதா என்று பார்த்து, பட்டியாக வெட்டி, மேற்பக்கம் மெஷினில் பிடித்து, பின்பக்கம் கையால் தைத்தேன். அம்மாவின் அந்தக் கெட்டித் தையல் வரிசையைத் தொடவில்லை. அதன்மேல் மூடாமல், அதற்கு வெளியே வரும்படி பட்டியைக் கட்டினேன். எத்தனை கவனமாகத் தைத்தாலும் என் தையல் அவருடையதன் பக்கத்தில் யானை நடந்ததுபோல் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கையின் பக்கத்தில் என் கையும் ஒரு ஓரமாக இருக்கிறதே என்றிருந்தது.

வாங்கிக்கொள்ள இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மங்கியதை அக்காவிடமும் பளிச்சென்றதைத் தங்கையிடமும் நீட்டினேன். தங்கை வாங்கிக்கொள்ளவில்லை. அக்காவின் கையிலிருந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாத்தா, எனக்கு அத குடுக்கிறியா?"

"எத? இந்தப் பழசயா? சூடு பட்டிருக்குடி இதுல."

"அதுல ஒம் பிள்ளைங்க எல்லாம் படுத்திருக்காங்க. மச்சான் படுத்திருக்காங்க. என்னதுல யாருமே படுக்கல. ஒருத்தரும்."

அக்கா தன் போர்வையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கையை நீட்டி தங்கையின் பாதியைத் தடவினார், ஒரு சிவப்பு முக்கோணத்தை, ஒரு மஞ்சளை.

"எனக்கும் கேக்கணும்னுதான் இருந்துச்சு," என்றார். "அம்மா தச்சப்ப இப்படித்தான் இருந்துச்சு. நான் மறந்தே போயிட்டேன். எனக்கு இந்தக் கலர் வேணும்டி."

என் வீட்டு ஹாலில் நின்று மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக. நானும் என் கணவரும் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் உட்கார்ந்திருப்பது எங்கள் மாடி நடைபாதையிலிருந்து தெரிந்தது. நல்ல உச்சிவெயில். அந்த வெயிலில் தங்கை மங்கிய போர்வையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஏதோ சொல்லித் திட்டினார். வேர்த்துக் கொட்டுதே என்று இருக்கலாம். தங்கை எடுக்கவில்லை. பேருந்து வந்ததும் அக்கா முதலில் ஏறி, திரும்பி, கையை நீட்டினார்.